பலராமன் பேசுகிற எழுத்து

பலராமனுக்குக் கோபம் வந்தால் எழுத்து பெரிதாகிவிடும். சாதாரணமாகப் பேச ஒரு அளவு, கிண்டலுக்குச் சாய்ந்த எழுத்து, திட்டுவதென்றால் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிற தடித்த எழுத்து. அவருடைய டிசைன் கடை ஆரணி கொசப்பாளையத்தில், சொந்த வீட்டு மாடியில் இருக்கிறது. வருகிறவர்கள் மாடிப்படியில் நின்றபடியே எட்டிப் பார்த்து, திரையில் எழுத்து எந்த அளவில் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டுதான் செருப்பைக் கழற்றுவார்கள். பெரிதாக இருந்தால் சத்தமில்லாமல் இறங்கிப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார்கள்.

தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால் இந்த வசதியெல்லாம் யாருக்கும் கிடையாது. ஆள் அப்படி ஒரு வாயாடி. தெருமுனையில் பேச்சு கேட்கும், அதற்கப்புறம்தான் ஆள் தெரிவார். ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாவில் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்க யாராலும் ஆகாது. காணாமல் போன குழந்தையைப் பற்றி அறிவிக்கிற சாக்கில் அதன் அப்பன், பாட்டன் வரைக்கும் கிண்டலடித்துவிட்டுத்தான் குழந்தையை ஒப்படைப்பார். அப்படிப்பட்ட மனுஷனுடைய குரல்வளையை வேலூரில் டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். புற்று. உயிரா குரலா என்று வந்தபோது வேறு என்ன செய்ய முடியும்? இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி. மூச்சு அதன் வழியாகத்தான். காது நன்றாகக் கேட்கிறது, பேச்சு மட்டும் இல்லை.

கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். அதில் பேசினால் மாவு மில் ஓடுகிற மாதிரி இருந்தது. ஒரு நாள் பேசிப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். போனில் தட்டினால் படித்துக்காட்டுகிற ஒன்றை மகள் இளமதி போட்டுக் கொடுத்தாள். அதில் ஒரு பெண் குரல், ரயில் வருகிறது போகிறது என்று சொல்வதுபோல மரியாதையாகப் பேசியது. அதைக் கேட்டு மனைவி பானுப்ரியா சிரித்த சிரிப்பில் அதுவும் போயிற்று. ஸ்லேட்டில் எழுதிப் பார்த்தார். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதையும் அவர் எழுதி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். வாயாடிக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டுமா? நாக்கு நுனியில் பதில் இருக்கிறது, அதைச் சொல்கிற சமயம் போய்விடுகிறது.

கடைசியில் காப்பாற்றியது விரல்தான். மகன் கவர்ன்மென்ட் உத்தியோகத்துக்குப் போவான் என்று அவருடைய அம்மா அந்தக் காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் வரைக்கும் படிக்க வைத்திருந்தாள். உத்தியோகம் வரவில்லை. விரலில் வேகம் மட்டும் மிச்சமாக நின்றது. எதிராளி வாயை மூடுவதற்குள் பலராமன் பதிலைத் தட்டி முடித்துவிடுவார்.

அவர் தட்டுகிற எழுத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது கடையில் விற்கிற ஃபான்ட் இல்லை. பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவதுதான் அவர் தொழில். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தால், தறிக்கு மேலே இருக்கிற பெட்டி அதைப் படித்து இழைகளைத் தூக்கும். இப்போதெல்லாம் முகூர்த்தப் புடவையின் முந்தானையில் பெண் பேரும் மாப்பிள்ளை பேரும் ஜரிகையில் இருந்தே ஆக வேண்டும். சாதாரண எழுத்தை அப்படியே நெய்தால் மெல்லிய கோடெல்லாம் இழைக்குள் காணாமல் போய்விடும், சுழிகள் அடைத்துக்கொள்ளும். இந்த பேஜாரே வேண்டாம் என்று பலராமன் ஒரு வருஷம் உட்கார்ந்து தறிக்கென்றே எழுத்து வரைந்தார். கொஞ்சம் குண்டு, கொஞ்சம் சதுரம், சுழியெல்லாம் நன்றாகத் திறந்திருக்கும். சென்னையில் இருந்த ஒரு சிநேகிதர் அதை ஃபான்டாக்கிக் கொடுத்தார். பத்துப் பதினைந்து வருஷமாக ஆரணியில் பாதிக் கல்யாணங்களின் பேர்கள் அந்த எழுத்தில்தான் நெய்யப்பட்டிருக்கின்றன.

குரல் போனதும் பலராமன் அந்த எழுத்தையே தன் பேச்சுக்கு எடுத்துக்கொண்டார். வாடிக்கையாளரைப் பார்க்கத் திருப்பி இன்னொரு திரையை வைத்தார். ஆச்சரியம் என்னவென்றால், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட பூங்காவனம்கூட அந்தத் திரையைத் தடங்கல் இல்லாமல் படித்தாள். பூங்காவனம் இரண்டு தெரு தள்ளித் தறி போட்டிருப்பவள்.

"பேப்பர்ல கீற எழுத்துலாம் எனக்கு ஓடாது. அண்ணன் எழுத்துன்னா சட்டுனு தெரிஞ்சிடும். எத்தினி முந்தானையில நெய்ஞ்சிருக்கேன்" என்பாள்.

இப்படியாக மனுஷனுக்குப் பேச்சு திரும்பி வந்தது. கிண்டலும் கூடவே வந்துவிட்டது.

இந்த வைகாசியில் இளமதிக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். மாப்பிள்ளை கோகுல்ராஜ், வந்தவாசிப் பையன். ஞாயிற்றுக்கிழமை, ஆரணியிலேயே ஒரு சின்ன மண்டபத்தில். இரண்டு குடும்பத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. தாம்பூலத் தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண்ணைப் பெற்றவர் எழுந்து நின்று, பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று சபையில் மூன்று முறை சொல்ல வேண்டும். பானுப்ரியாவின் அண்ணன் பரசுராமன் நல்ல மனுஷன். உதவி செய்கிற நினைப்பில்தான் வாயைத் திறந்தார்.

"மாப்ள, அன்னிக்கு அத்த நான் சொல்லிடறேன். தாய்மாமன்தானே, ஒண்ணும் தப்பில்ல."

பலராமன் எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினார்.

"நான் இன்னும் உயிரோடதான் கீறேன் மச்சான்."

பரசுராமன் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இளமதி பிறந்தபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி பேர் சொல்லிக் கூப்பிட்டவர் பலராமன். அவள் கல்யாணப் பேச்சில் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருப்பதா? மண்டபத்தில் ஒரு பெரிய டிவியை வைத்து, அதில் தன் எழுத்தில் தானே சொல்வது என்று முடிவு செய்திருந்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து நாள் இருந்தபோது, செவ்வாய்க்கிழமை, கரண்ட் போய் வந்தது. வந்தபோது சும்மா வரவில்லை. தெருவில் இரண்டு வீட்டு ஃபேன் புகைந்தது, பலராமனின் கம்ப்யூட்டர் ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்தது. சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிற சுதாகர் ஓடி வந்தான். கழற்றினான், மாட்டினான், காதை வைத்துக் கேட்டான்.

"அண்ணா, ஹார்டு டிஸ்க் பூட்டுதுண்ணா. சென்னைக்கு அனுப்பிப் பாக்கலாம். வரும்னு கேரண்டி சொல்ல முடியாது, நாளும் ஆவும்."

பலராமன் பதில் சொல்லக் கீபோர்டில் கை வைத்தார். எதிரே இரண்டு திரையும் கறுப்பாக இருந்தன. அவரையும் அறியாமல் வாயைத் திறந்தார். கழுத்துத் துணி உள்ளே போய் வெளியே வந்தது, அவ்வளவுதான்.

"ஃபான்ட் வேற எங்கனா வச்சிருக்கீங்களாண்ணா? பென்டிரைவ்ல?" என்று கேட்டான் சுதாகர்.

வைத்திருந்தார். முந்தின சனிக்கிழமை வரைக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வருகிற புத்தி ஒன்று உண்டு. தறிப் பெட்டியில் மாட்டுகிற பென்டிரைவில் டிசைனைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது, இருந்தால் பெட்டி படிக்காது. அதனால் கையில் கிடைத்த பென்டிரைவில் இருப்பதையெல்லாம் முதலில் அழித்துத் துடைத்துவிட்டு அப்புறம் டிசைனை ஏற்றுவதே எல்லோருக்கும் கைப்பழக்கம். சனிக்கிழமை ஒருவர் மயில் பார்டர் ஜல்தியாக வேண்டும் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பலராமன் மேஜை இழுப்பறையில் கை விட்டார், வந்ததை எடுத்தார், துடைத்தார், மயிலை ஏற்றிக் கொடுத்தார். ஃபான்ட் இருந்தது அதில்தான். சென்னைச் சிநேகிதரும் இப்போது இல்லை, காலமாகி நாலு வருஷம் ஆகிறது. இத்தனையையும் பலராமன் ஸ்லேட்டில் எழுதிக் காட்டினார். சுதாகர் அதைப் படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

புதன்கிழமை புது சிஸ்டம் வந்தது. பலராமன் உட்கார்ந்து பழைய ஞாபகத்தில் தட்டினார். திரையில் வெறும் கட்டங்கள் வரிசையாக வந்து நின்றன. சுதாகர் ஏதேதோ மாற்றினான். இப்போது தமிழ் வந்தது, ஆனால் வேறு தமிழ். 'வாங்க' என்று தட்டினால் வாயில் நுழையாத ஏதோ ஒன்று வந்தது. புது சிஸ்டத்தில் கீபோர்டு முறையே வேறு, பலராமனின் பழைய கீபோர்டு புரோகிராமை அது திறக்கவே மாட்டேன் என்றது. விரல் ஒரு எழுத்தை நினைத்து இறங்க, திரை இன்னொன்றைக் காட்ட, நல்லாப் பேசுகிறவர் திடீரென்று திக்குவாயானது போல ஆகிவிட்டது. சுதாகர் விடவில்லை. மத்தியானம் வரை தேடி, டைப்ரைட்டர் முறையிலேயே தட்டுகிற மாதிரி ஒரு வழியைக் கண்டுபிடித்துப் போட்டான். எழுத்து சரியாக வந்தது. சிஸ்டத்தோடு வருகிற எழுத்து.

"இப்போ பேசுங்கண்ணா" என்றான் சுதாகர் நிம்மதியாக.

பேசத்தான் செய்தார். கேட்டவர்களுக்குத்தான் அது அவர் பேச்சாகத் தெரியவில்லை. ஒரு மாசம் தாமதமாக வந்த நெசவாளர் ஒருவரைப் பார்த்து, "இன்னா இவ்ளோ சீக்கிரம், போன மாசமே இன்னும் முடியலியே" என்று தட்டினார். வழக்கமாக விழுந்து விழுந்து சிரிக்கிற மனுஷன் முகம் வெளுத்துப்போய், "மன்னிச்சிடுங்க, வூட்ல உடம்பு சரியில்ல" என்று கைகட்டி நின்றார். அடுத்து பூங்காவனம் வந்தாள். கண்ணை இடுக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, கரண்டு ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி கீது. யாரு பேசறது?"

பலராமன் எழுத்தைப் பெரிதாக்கினார். நோட்டீஸ் பெரிய நோட்டீசானது, அவ்வளவுதான். பூங்காவனம் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று இறங்கிப் போனாள்.

தானே மறுபடியும் வரைந்துவிடலாம் என்று அன்று சாயங்காலம் உட்கார்ந்தார். 'ம' போட்டார், வயிறு சரிந்துவிட்டது. 'ற' போட்டார், யாரோ போலிருந்தது. ஒரு வருஷம் திருத்தித் திருத்தி வந்த எழுத்து நாலு நாளில் எங்கிருந்து வரும்? பானுப்ரியா பக்கத்தில் வந்து நின்றாள். சொல்லவா வேண்டாமா என்று தயங்கிவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, அன்னிக்கு அண்ணனே சொல்லிடட்டுமே."

தடித்த எழுத்து வரும் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னாள். திட்டினாலும் பரவாயில்லை என்று நினைத்தாள். பலராமன் எழுத்தை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கி, "சரி" என்று தட்டினார். பானுப்ரியா குனிந்துதான் அதைப் படிக்க வேண்டியிருந்தது. படித்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலையில் பலராமன் பல் துலக்கிக்கொண்டிருந்தபோதே வாசலில் பூங்காவனத்தின் குரல் கேட்டது. கையில் வெள்ளைத் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. நேராக மாடிக்கு வந்தாள், துண்டைப் பிரித்தாள். அவள் மகளுடைய முகூர்த்தப் புடவை. முந்தானையை மேஜைமேல் விரித்தாள்.

"அண்ணா, உன் எழுத்து எங்கியும் போவல. எங்க வூட்டு பீரோல கீது பாரு."

அரக்கு நிறத்தின்மேல் ஜரிகையில் மகள் பேரும் மருமகன் பேரும். பலராமன் போட்ட எழுத்து, பூங்காவனம் நெய்த எழுத்து. 'ம'வின் வயிறு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. பலராமன் புடவையைத் தொடாமல் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இழை எண்ணுகிற லென்ஸை எடுத்து வந்து முந்தானைமேல் வைத்தார். எத்தனை இழை ஜரிகை, எத்தனை இழை பட்டு என்று பார்த்துப் பார்த்துத் திரையில் கட்டம் நிரப்ப ஆரம்பித்தார். சிஸ்டத்தைப் பார்க்க வந்த சுதாகருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அண்ணா, நீங்க எழுத்த வரைஞ்சு குடுத்துகினே இருங்க. எந்தக் கீயில உங்க விரல் தேடுதோ அந்தக் கீயிலயே நான் ஒக்கார வெச்சிடறேன். பழைய புரோகிராமே வேணாம்."

பூங்காவனத்துக்கு வாய் சும்மா இருக்குமா? அவள் தெருவைத் தாண்டுவதற்குள் சேதி பரவிவிட்டது. மத்தியானத்துக்குள் மாடிப்படியில் செருப்பு வைக்க இடமில்லை. பீரோவிலிருந்தும் டிரங்குப் பெட்டியிலிருந்தும் கல்யாணப் புடவைகள் வெளியே வந்தன. கடை முழுக்க அந்துருண்டை வாசனை. யாரோ சொல்லிக் களம்பூரிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்தாள். போளூரில் கட்டிக்கொடுத்த ஒருத்தி, புடவையைப் பக்குவமாக மடித்து மாமியார் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். அந்த மாமியார் புடவையை மடியிலிருந்து இறக்காமலேயே முந்தானையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

இந்த ஊரில் கல்யாணப் புடவையை அப்படி எவரும் எடுத்து வெளியே கொடுத்துவிட மாட்டார்கள். நாத்தனார் கேட்டாலே ஆயிரம் சாக்குச் சொல்வார்கள். அன்றைக்கு மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. பலராமன் ஒவ்வொரு முந்தானையாகக் குனிந்து எழுத்தை எடுத்துக்கொண்டிருந்தார். பேரைப் பார்த்ததும் அந்தக் கல்யாணம் ஞாபகம் வந்தது. இவள் அப்பன் பேரம் பேசியே உயிரை வாங்கினவன், இந்த மாப்பிள்ளை தன் பேர் முதலில் வர வேண்டும் என்று அடம்பிடித்தவன். சொல்லிச் சிரிக்கத் துடித்தார், சொல்ல எழுத்து இல்லை. அன்று சாயங்காலம் வரை சேர்ந்த எழுத்துகளை வைத்து அவரால் முழுசாகச் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"பானு, காபி."

கீழேயிருந்து வந்து அதைப் பார்த்த பானுப்ரியா, காபி போடப் போன இடத்தில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் பாலை அடுப்பில் வைத்தாள். அவர் பேச்சு அவரிடம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டம் குறைந்திருந்த நேரத்தில் சுகன்யா வந்தாள். பஜார் பக்கம் தையல் கடை வைத்திருக்கிற பெண். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவள் புடவைக்கும் பலராமன்தான் எழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. பையிலிருந்து புடவையை எடுத்தாள், முந்தானையை ஒரு பக்கம் மடித்து, தன் பேர் மட்டும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

"அந்தாளு பேரு வேணாண்ணா. என் பேருல கீற எழுத்த எடுத்துக்கோங்க. இந்தப் பொடவ யாருக்காவது ஒதவுச்சுன்னு இருக்கட்டும்."

பலராமன் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குப் போட்டார். எழுத்தை எடுத்து முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டேதான் வேலை செய்தார். அவள் பேரின் கடைசி எழுத்து அதுவரைக்கும் வேறு எந்த முந்தானையிலும் சரியாகக் கிடைத்திருக்கவில்லை. ஒன்றில் ஜரிகை தேய்ந்திருந்தது, ஒன்றில் மடிப்பு விழுந்திருந்தது. அவள் புடவையில் புதுசு மாதிரி இருந்தது. ஒரே ஒரு தடவை கட்டின புடவை. அவள் கிளம்பும்போது அவர் கைகூப்பினார். இவ்வளவு பெரிய மனுஷன் தன்னைப் பார்த்துக் கும்பிடுகிறாரே என்று அவள் பதறிப்போய் படியில் இறங்கினாள்.

பேர்களில் வராத எழுத்துகளும் சிலது இருந்தன. அவற்றைப் பலராமன் புதிதாக வரைந்தார். மற்ற எழுத்துகளோடு நின்றபோது அவை நேற்று வந்த மருமகள்கள் மாதிரி கொஞ்சம் கூச்சத்தோடு இருந்தன. போகப் போகப் பழகிவிடும் என்று விட்டுவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் சுதாகர் கடைசி எழுத்தையும் கீயில் உட்காரவைத்துவிட்டு எழுந்தான். பலராமன் உட்கார்ந்தார், விரலைச் சொடுக்கினார், எப்போதும் போல வேகமாகத் தட்டினார்.

"டேய் சுதாகர், நாலு நாளா ஊம கெணக்கா ஒக்காந்திருந்தேனே, இன்னா பேச்செல்லாம் பேசினே நீ. எல்லாத்துக்கும் சேத்து இப்போ கேளு."

"கேக்கறேண்ணா, நல்லா கேக்கறேன்" என்றான் சுதாகர். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கக் கீபோர்டுக்கு அடியில் தூசி துடைக்கிறவன்போலக் குனிந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மேளம், சந்தனம், கல்கண்டு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மேடையின் ஓரத்தில் பெரிய டிவி. அதற்குப் பக்கத்தில் மேஜை போட்டுக் கம்ப்யூட்டர். புதுச் சட்டையும் கழுத்தில் புது வெள்ளைத் துணியுமாகப் பலராமன். இளமதி மேடைக்கு வந்ததும் முதலில் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, டிவி எரிகிறதா என்றுதான் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அய்யாக்கண்ணு, கோகுல்ராஜின் தாத்தா, முன்வரிசையில் தடியை ஊன்றி உட்கார்ந்திருந்தார். தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. பலராமன் நின்றபடியே குனிந்து தட்டினார். டிவி முழுக்க அவர் எழுத்து வந்து நின்றது.

"என் மகள் இளமதியை உங்கள் வீட்டுப் பிள்ளை கோகுல்ராஜுக்குக் கொடுக்க எனக்குச் சம்மதம்."

சபை அமைதியாகப் படித்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. அய்யாக்கண்ணு காது கொடுத்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இன்னும் சொல்லலியா?" என்று கேட்டார்.

"டிவில வந்திருக்கு தாத்தா" என்றான் கோகுல்ராஜ்.

"எனக்குக் கண்ணு தெரியாதேப்பா. பொண்ணப் பெத்தவர் சொல்றது காதுல விழுந்தாத்தான என் மனசு ஆறும்." பெரியவர் குரலில் குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை. ஏங்கித்தான் கேட்டார்.

பலராமனின் கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது. இத்தனை பேர் பீரோவைத் திறந்தார்கள், இத்தனை முந்தானைகளை எண்ணியாயிற்று, கடைசியில் கேட்க வேண்டிய ஒருவருக்குக் கேட்கவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பரசுராமன் தர்மசங்கடத்தோடு எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பலராமன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டுதான் எழுந்தார். பலராமன் அவரைப் பார்த்து, சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினார்.

அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பூங்காவனம்தான். நாற்காலியிலிருந்து எழுந்து, டிவியைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சத்தமாகப் படித்தாள்.

"என் மகள் இளமதியை..."

அவள் பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். பின்வரிசையில் சுகன்யா சேர்ந்தாள். போளூர் மாமியார், சுதாகர், தாமதமாக வருகிற நெசவாளர், ஒவ்வொருவராக எழுந்தார்கள். வாக்கியம் முடியும்போது பெண் வீட்டுப் பக்கம் முழுக்க நின்றுகொண்டிருந்தது. எழுந்த பரசுராமனும் தான் தனியாகச் சொல்வதை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து படித்தார். பலராமன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை தட்டினார். மண்டபம் படித்தது. மூன்றாம் முறை தட்டினார். இந்தத் தடவை மாப்பிள்ளை வீட்டாரும் எழுந்து படித்தார்கள்.

அய்யாக்கண்ணுவின் முகம் விரிந்தது.

"சம்பந்திக்குப் பேச்சு வராதுன்னு சொன்னீங்க. மண்டபமே அதிர்ற மாதிரி இல்ல பேசறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். தட்டு மாறியது. மேளம் கொட்டியது. மேளம் ஓய்ந்ததும் பலராமன் மறுபடி கீபோர்டுக்கு வந்தார். "உங்க எல்லாருக்கும் நன்றி. உங்க பொடவைங்கள்லேர்ந்துதான் இன்னிக்கு நான் பேசறேன்" என்று தட்டினார். கூட்டம் இப்போது பழகிவிட்டது, யாரும் சொல்லாமலேயே சேர்ந்து படிக்க ஆரம்பித்தது. பாதியில் நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனாலும் விடாமல் முடித்தார்கள்.

பலராமன் நிமிர்ந்து பார்த்தார். மேடையில் மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பானுப்ரியா தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவசரமாகத் தட்டினார்.

"பானு, அழுதுகினு நிக்காத. உன்ன அழ வெச்சது போதும்."

மண்டபம் மொத்தமும் ஒரே குரலில் அதையும் படித்தது.

"பானு, அழுதுகினு நிக்காத. உன்ன அழ வெச்சது போதும்."

பானுப்ரியா வெட்கத்தில் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூடின முந்தானைக்குள்ளிருந்தே புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"மெதுவாப் பேசுங்க. ஊரே கேக்குது."